பாலங்களின் நகரம் நியூபோர்ட்
சாலையை மறுத்தவர் ஒருவர், ரயிலைக் கொடுக்க வேண்டியவர் வேறொருவர்!

பிரிட்டனின் தேசப் படத்தை விரித்துப் பார்த்தால், அதன் மேற்குப் பக்கத்தில் கடல் ஒரு புனலைப் போல் நிலத்துக்குள் நீண்டு புகுந்திருப்பதைக் காணலாம். அதுதான் செவர்ன் நதியின் முகத்துவாரம். தென்புறம் இங்கிலாந்து, வடபுறம் வேல்ஸ். அந்த வடகரையில், அஸ்க் என்னும் ஆறு வந்து கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்திருக்கிறது நியூபோர்ட் நகரம். கார்டிப், ஸ்வான்ஸீ ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடி வேல்ஸில் பெரிய நகரம் இதுவே. 2021-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அங்கே வசிப்போர் சுமார் 1,59,600 பேர். பத்தே வருஷங்களில் ஜனத்தொகை நூற்றுக்கு ஒன்பதரை வீதம் பெருகிவிட்டது. வேல்ஸில் வேறெந்த வட்டாரமும் இந்த வேகத்தில் வளரவில்லை.

இவ்வளவு சிறிய நகரத்தைப் பற்றி பிரிட்டிஷ் பார்லிமெண்டிலும் வேல்ஸ் சட்டசபையிலும் முப்பது வருஷங்களுக்கு மேலாக ஓயாத வாக்குவாதம் நடந்து வந்திருக்கிறது. லண்டனிலிருந்து தென் வேல்ஸுக்குப் போகும் நெடுஞ்சாலை இந்த ஊரின் தலைமாட்டில் வந்து குறுகி நிற்பதுதான் காரணம். அங்கே வண்டிகள் தேங்கினால் வேல்ஸின் வர்த்தகமே தேங்குகிறது என்கிறார்கள் வியாபாரிகள். அதற்காகப் புதுச் சாலை போட்டால் அபூர்வமான சதுப்பு நிலம் அழிந்துபோகும் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நியாயங்களை எடை போடுமுன், ஊரின் கதையைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

ஆறு தந்த வாழ்வு

செவர்ன் முகத்துவாரத்தில் கடல் பொங்கி வடியும் அளவு உலகத்திலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீர்மட்டத்தில் 14 மீட்டர் வரை வித்தியாசம் உண்டு. அஸ்க் ஆற்றில் காலையில் கப்பல் மிதந்த இடத்தில் மாலையில் வெறும் சேறு தெரியும்.

இந்த ஆற்றின் மகிமையை முதலில் உணர்ந்தவர்கள் ரோமானியர். கி.பி. 75-ஐ ஒட்டி, இன்றைய நகர எல்லைக்குள் அடங்கிய கார்லியன் என்னுமிடத்தில் அவர்களுடைய இரண்டாவது அகஸ்டன் படைப்பிரிவு கோட்டை கட்டிக் குடியேறியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர்கள் தங்கிய இடம் அது. வட்டரங்கு, நீராடும் மண்டபம், படைவீரர் குடியிருப்பு ஆகியவற்றின் அடித்தளங்களை இன்றும் காணலாம். மத்திய காலத்தில் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை எழுந்தது. அதனால்தான் வேல்ஷ் மொழியில் இவ்வூருக்கு ‘காஸ்நெவித்’ என்று பெயர். ‘புதுக்கோட்டை’ என்பது பொருள். ஆங்கிலப் பெயரோ ‘புதுத் துறைமுகம்’ என்று பொருள்படும். ஒரே ஊருக்கு ஒரு மொழியில் கோட்டையால் பெயர்; மற்றொன்றில் துறைமுகத்தால் பெயர்!

துறைமுகத்தின் பழமைக்குச் சாட்சியாக 2002-இல் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. கலையரங்கம் ஒன்றுக்கு ஆற்றங்கரையில் அஸ்திவாரம் தோண்டியபோது, சேற்றுக்குள்ளிருந்து பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய கப்பல் ஒன்று வெளிப்பட்டது. அதன் அடிமரத்தில், கட்டியவர்கள் அதிர்ஷ்டத்துக்காகப் பதித்து வைத்த பிரெஞ்சு வெள்ளி நாணயம் ஒன்றும் அகப்பட்டது. மரத்தின் வளையங்களை ஆராய்ந்த நிபுணர்கள், அது 1449-ஐ ஒட்டி பாஸ்க் பிரதேசத்தில் வெட்டப்பட்ட மரம் என்று கண்டுபிடித்தார்கள். முதலில் கப்பலைக் காப்பாற்ற உத்தேசம் இருக்கவில்லை. ஊர் ஜனங்கள் கிளர்ச்சி செய்த பிறகே அது காக்கப்பட்டது. அதன் மரத்துண்டுகளைப் பதப்படுத்தி உலர்த்தி முடிக்கவே இருபது வருஷங்கள் பிடித்தன.

நியூபோர்ட்டைப் பெரிய ஊராக்கியது நிலக்கரி. வடக்கேயுள்ள பள்ளத்தாக்குகளில் கரியும் இரும்பும் கிடைத்தன. 1790-களில் வெட்டப்பட்ட மன்மத்ஷயர் கால்வாய் அவற்றைப் படகில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தது. 1801-இல் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர், நூறு வருஷத்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் பட்டணமாகிவிட்டது. 1850-இல் ரயிலும் வந்தது. பிற்பாடு கார்டிப் துறைமுகம் முந்திக்கொண்டது வேறு கதை.

வோட்டுரிமைக்குச் சிந்திய ரத்தம்

நியூபோர்ட்டின் சரித்திரத்தில் மறக்க முடியாத நாள் 1839 நவம்பர் 4. அக்காலத்தில் பிரிட்டனில் சொத்துள்ள ஆண்களுக்கே வோட்டு. ஆண்கள் அனைவருக்கும் வோட்டுரிமை, ரகசிய வாக்கெடுப்பு, பார்லிமெண்ட் மெம்பர்களுக்குச் சம்பளம் முதலிய ஆறு கோரிக்கைகளை ஒரு சாஸனமாக எழுதிக் கிளர்ச்சி செய்தவர்களைச் ‘சார்ட்டிஸ்டுகள்’ என்று அழைத்தார்கள். சுரங்கத் தொழிலாளரும் இரும்புத் தொழிலாளருமாகப் பல ஆயிரம் பேர் கொட்டும் மழையில் இரவெல்லாம் மலையிறங்கி நடந்து, காலையில் நியூபோர்ட் வெஸ்ட்கேட் ஹோட்டலின் முன்னால் திரண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜான் பிராஸ்ட், அதே நகரத்தின் மேயராக இருந்தவர்.

ஹோட்டலுக்குள் இருந்த சிப்பாய்கள் சுமார் 30 பேர்தான். ஆனால் அவர்களிடம் பயிற்சி இருந்தது. சற்று நேரத்துத் துப்பாக்கிப் பிரயோகத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பிராஸ்டுக்கும் இரு தோழர்களுக்கும் கொடூரமான மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, அவர்கள் டாஸ்மேனியாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1856-இல் மன்னிப்புப் பெற்றுப் பிராஸ்ட் தாயகம் திரும்பினார். அவர்கள் கேட்ட ஆறு கோரிக்கைகளில் ஐந்து பிற்காலத்தில் சட்டமாகிவிட்டன. வருஷந்தோறும் தேர்தல் வேண்டும் என்ற ஒன்றுதான் நிறைவேறவில்லை.

இந்தச் சம்பவத்தைச் சித்திரிக்கும் பெரிய வண்ணக்கல் சுவரோவியம் ஒன்று நகரின் நடைபாதைச் சுரங்கத்தில் இருந்தது. புதுக் கடைவீதி கட்டுவதற்காக 2013-இல் அதை இடித்தார்கள். ஊரார் பலர் மனம் கொதித்தார்கள். வளர்ச்சிக்காக எதை இழக்கலாம் என்ற கேள்வி நியூபோர்ட்டுக்குப் புதிதல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

அந்தரத்தில் தொங்கும் பரிசல்

நியூபோர்ட் என்றதும் பிரிட்டிஷ்காரர்களின் நினைவுக்கு வருவது அதன் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ பாலம். அது பிறந்த கதை சுவையானது. 1898-இல் லைசாட் கம்பெனியார் ஆற்றின் கிழக்குக் கரையில் ‘ஆர்ப்’ என்ற எஃகுத் தகட்டு ஆலையை நிறுவினார்கள். தொழிலாளர் வீடுகளோ மேற்குக் கரையில். படகில் கடக்கலாமென்றால் ஓதம் இடங்கொடாது. சாதாரணப் பாலம் கட்டலாமென்றால் கரைகள் இரண்டும் தாழ்வு. கப்பல் அடியில் போகுமளவுக்கு உயர்த்த மைல் கணக்கில் சரிவுப்பாதை வேண்டும். சுரங்கப்பாதைக்கோ பணம் காணாது.

ஆர்னோடான் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் ஒரு வழி சொன்னார். இரு கரையிலும் 73 மீட்டருக்கு மேல் உயரமான கோபுரங்கள். அவற்றுக்கிடையே வெகு உயரத்தில் 197 மீட்டர் நீளத் தூலம். அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு மேடை. வண்டியும் மனிதரும் மேடையில் ஏறிக்கொண்டால், அது மின்சார விசையால் அந்தரத்திலேயே நகர்ந்து அக்கரை சேரும். கப்பல்களுக்கும் இடைஞ்சல் இல்லை. 1906 செப்டம்பர் 12-இல் திறக்கப்பட்ட இப்பாலத்தைப் போன்றவை உலகில் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவே மிஞ்சியிருக்கின்றன. லாட்டரி நிதியிலிருந்து 2020-இல் ஒதுக்கப்பட்ட 87.5 லட்சம் பவுனின் உதவியோடு இதைப் புதுப்பிக்கும் பெரும்பணி தொடங்கியது.

நியூபோர்ட் மக்கள் பாலங்களுக்குப் பழகியவர்கள். 1964-இல் திறந்த ஜார்ஜ் தெருப் பாலம், கம்பிகளால் தாங்கப்படும் பாலங்களில் பிரிட்டனில் முன்னோடியானவற்றுள் ஒன்று. அதன் பின் 2004-இல் தெற்கே ஒரு பாலம், 2006-இல் பாதசாரிகளுக்கு ஒரு பாலம்.

எஃகு ஆலையும் இந்தியக் கம்பெனியும்

ஊரின் கிழக்கே லான்வெர்னில் 1962-இல் திறக்கப்பட்ட எஃகு ஆலை அக்காலத்தில் ஒரு பெருமை. பல ஆயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. ஆனால் 2001-இல் அங்கே இரும்பு உருக்குவதும் எஃகு வார்ப்பதும் நிறுத்தப்பட்டன. தகடு உருட்டும் வேலை மட்டும் தொடர்ந்தது. 2007-இல் கோரஸ் கம்பெனியை நம் நாட்டு டாட்டா ஸ்டீல் விலைக்கு வாங்கியபோது லான்வெர்னும் ஆர்ப் ஆலையும் இந்திய முதலாளிகள் வசம் வந்தன. டிரான்ஸ்போர்ட்டர் பாலம் எந்த ஆலைக்காகக் கட்டப்பட்டதோ, அந்த ஆர்ப் ஆலை 2019 டிசம்பரில் மூடப்பட்டது. சுமார் 380 பேருடைய வேலைக்கு ஆபத்து வந்தது. மின்சார மோட்டார்களுக்கும் டிரான்ஸ்பார்மர்களுக்கும் வேண்டிய விசேஷ எஃகைப் பிரிட்டனில் செய்துவந்த ஆலை அது ஒன்றுதான். உலகமே மின்சாரக் காருக்கு மாறத் தொடங்கிய சமயத்தில் அது மூடப்பட்டது விசித்திரமே.

2024-இல் போர்ட் டால்பட்டில் டாட்டாவின் இரு ஊதுலைகளும் அணைக்கப்பட்டன. அங்கே மின்சார உலை அமைக்கும் வேலை 2025-இல் தொடங்கியது.

எஃகு தளர்ந்த இடத்தில் வேறு தொழில்கள் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் இன்மாஸ் கம்பெனிக்காகக் கட்டிய மைக்ரோ-சிப் தொழிற்சாலை கை மாறிக் கை மாறி, 2021-இல் சீன முதலாளிகளுக்குச் சொந்தமான நெக்ஸ்பீரியாவிடம் போயிற்று. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அதை விற்றுவிடும்படி 2022 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் உத்தரவிட்டது. 2024-இல் அமெரிக்கக் கம்பெனியான விஷே 17.7 கோடி டாலருக்கு வாங்கியது. காப்புரிமை அலுவலகம், புள்ளிவிவர அலுவலகம் போன்ற சர்க்கார் காரியாலயங்களும் இங்கே குடிவந்திருக்கின்றன.

ஆகவே நியூபோர்ட் செத்துப்போன ஊரல்ல. ஆனால் அதன் வேலைகள் இன்று ஒரே ஆலை வாசலில் இல்லை. ஊரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. வேலைக்குப் போகிறவர் பிரிஸ்டலுக்கும் கார்டிப்புக்கும்கூடத் தினம் போய் வருகிறார். போக்குவரத்துப் பிரச்னை முற்றியதற்கு இதுவே மூல காரணம்.

குறுகிய சுரங்க வாயில்

இங்கிலாந்திலிருந்து செவர்னைக் கடந்து வர ஏற்பட்ட நிரந்தர வழிகளுள் ஒன்று ரயில் சுரங்கம். 1886-இல் திறக்கப்பட்ட அதன் நீளம் சுமார் 7 கிலோமீட்டர். தோண்டும்போது பெரிய நிலத்தடி ஊற்று ஒன்று உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அந்த நீரை இன்றும் இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்து வருகிறார்கள். 2020 முதல் இவ்வழியே மின்சார ரயில்கள் ஓடுகின்றன. லண்டனிலிருந்து நியூபோர்ட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரப் பிரயாணம்.

சாலைக்கு 1966-இல் முதல் செவர்ன் பாலமும் 1996-இல் இரண்டாவது பாலமும் வந்தன. இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்குள் நுழையும்போது சுங்கம் கொடுக்க வேண்டும்; திரும்பிப் போக வேண்டியதில்லை. வேல்ஸுக்குள் வரத்தான் காசு என்று ஜனங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2018 டிசம்பர் 17-இல் அந்தச் சுங்கம் அடியோடு நீக்கப்பட்டது. ஏற்கெனவே பிரிஸ்டலில் வீட்டு விலைக்குப் பயந்து நியூபோர்ட் பக்கம் வீடு தேடியவர்களுக்கு இது பெரிய வசதியாயிற்று. பாலத்தில் வண்டிகள் பெருகின.

பெருகிய வண்டிகள் எங்கே போகும்? எம்-4 என்ற நெடுஞ்சாலை நியூபோர்ட்டின் வடபுறம் பிரின்கிளாஸ் குன்றைக் குடைந்து செல்கிறது. 1967-இல் திறந்த அந்த இரட்டைச் சுரங்கத்தில் ஒரு திசைக்கு இரண்டு வரிசை வண்டிகளே போக முடியும். மூன்று வரிசையாக வந்த வண்டிகள் இங்கே இரண்டாக நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. 2011 ஜூலையில் சுரங்கத்துக்குள் லாரி ஒன்று தீப்பற்றியபோது இப்பகுதிப் போக்குவரத்தே ஸ்தம்பித்தது. அத்தனை வண்டிகளின் புகையும் இரைச்சலும் சாலையோரத்து நியூபோர்ட் வீடுகளுக்குத்தான்.

மறுக்கப்பட்ட சாலை

இதற்குப் பரிகாரமாக, ஊரின் தென்புறத்தில் ஒரு புது நெடுஞ்சாலை போடும் யோசனை 1991-லேயே எழுந்தது. பலமுறை கைவிடப்பட்டு, பலமுறை உயிர்த்தெழுந்து, கடைசியில் சுமார் 23 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு வரிசைச் சாலையாகத் திட்டம் உருவாயிற்று. செலவு மதிப்பீடு 160 கோடி பவுன் வரை போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் பகிரங்க விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி சாலை போடலாம் என்றே சிபார்சு செய்தார்.

ஆனால் 2019 ஜூன் 4-இல் வேல்ஸ் முதல் மந்திரி மார்க் டிரேக்போர்டு அத்திட்டத்தை நிராகரித்துவிட்டார். பணம் ஒரு காரணம். சுற்றுப்புறத்துக்கு நேரும் கேடு மற்றொரு காரணம். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் வேல்ஸ் சர்க்கார் பருவநிலை நெருக்கடியைப் பிரகடனம் செய்திருந்தது. மேலும், இனி பிறக்கப்போகும் சந்ததியாரின் நலனையும் கருதியே சர்க்கார் காரியாலயங்கள் முடிவெடுக்க வேண்டும் என்று 2015-இல் வேல்ஸில் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட சட்டம் உள்ள நாடுகள் உலகில் மிகச் சிலவே.

புதுச் சாலை போகவிருந்த இடம் க்வென்ட் சமநிலம். ரோமானியர் காலந்தொட்டுக் கடலிடமிருந்து மீட்டு, வாய்க்கால் வெட்டி வடித்துக் காத்துவரும் பூமி அது. 1607-இல் கடல் பொங்கி ஊர் ஊராக அழித்த சரித்திரமும் அதற்கு உண்டு. அந்த வாய்க்கால்களில் அபூர்வப் பூச்சிகளும் நீர்த்தாவரங்களும் வாழ்கின்றன. சாரஸ இனத்தைச் சேர்ந்த கொக்கு ஜோடி ஒன்று, பல நூறு வருஷங்களுக்குப் பின் முதன்முறையாக 2016-இல் அங்கே குஞ்சு பொரித்தது.

வியாபாரிகள் கொதித்தார்கள். திட்டம் தீட்டுவதிலேயே 10 கோடி பவுனுக்கு மேல் செலவழித்துவிட்டு இப்போது வேண்டாமென்பதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் புதுச் சாலை போட்டால் புது வண்டிகள் வந்து அதையும் நிரப்பிவிடும் என்ற எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. சுங்கம் நீங்கியபின் நடந்தது என்ன என்பதைக் கண்ணாரக் கண்டோமே!

முடிச்சு எங்கே?

சாலை இல்லையென்றால் வேறென்ன வழி? அதை ஆராய பர்ன்ஸ் பிரபுவின் தலைமையில் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. 2020 நவம்பரில் அது 58 சிபார்சுகளுடன் அறிக்கை கொடுத்தது. கமிஷன் கண்ட உண்மை எளியது. எம்-4-ல் போகும் பலர் நெடுந்தூரப் பிரயாணிகள் அல்ல. கார்டிப், நியூபோர்ட், பிரிஸ்டல் சுற்றுவட்டாரத்துக்குள் போய் வருகிறவர்கள். அவர்களுக்குக் காரை விட்டால் கதியில்லை. நியூபோர்ட்டுக்கும் கார்டிப்புக்கும் இடையே பிரதான ரயில் பாதையில் நான்கு தண்டவாளங்கள் இருந்தும், அப்போது இடையில் ஒரு ஸ்டேஷன்கூட இல்லை! இருந்த சிறு ஸ்டேஷன்களை 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் மூடிவிட்டார்கள். சரக்கு வண்டிகள் ஓடும் இரு தண்டவாளங்களையும் சீர்செய்து, புதிதாக ஆறு ஸ்டேஷன்கள் அமைத்து, பஸ் சர்வீஸையும் இணைத்தால் நெரிசல் குறையும் என்றது கமிஷன்.

யோசனை நல்லதுதான். முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. வேல்ஸில் நெடுஞ்சாலைகள் வேல்ஸ் சர்க்காரின் பொறுப்பு. பிரதான ரயில் பாதையைச் சீர்செய்யும் பொறுப்போ லண்டன் சர்க்காருடையது. சுங்கத்தை நீக்கி வண்டிகளைப் பெருக்கியது லண்டன். சாலையை மறுத்தது கார்டிப். அதற்குப் பதிலான ரயிலுக்குப் பணம் தர வேண்டியது மறுபடியும் லண்டன். மூன்று முடிவுகளையும் ஒருவர் சேர்ந்து யோசித்து எடுக்கவில்லை. அவற்றின் பலனை அனுபவிப்பவர் மட்டும் ஒருவரே. அவர்தான் நியூபோர்ட் வாசி.

இந்தத் தகராறில் இன்னொரு மனக்கசப்பும் உண்டு. லண்டனிலிருந்து வடக்கே போடும் அதிவேக ரயில் பாதையில் ஓர் அங்குலம்கூட வேல்ஸில் இல்லை. ஆயினும் அது ‘இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்’ ஆன திட்டம் என்று கணக்கெழுதியதால், ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைத்த பங்குத்தொகை வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை.

2025 ஜூனில் ஓரளவு நல்ல செய்தி வந்தது. வேல்ஸ் ரயில்வேக்குப் பத்து வருஷங்களில் 44.5 கோடி பவுன் தருவதாக லண்டன் அறிவித்தது. கமிஷன் சொன்ன ஸ்டேஷன்கள் பலவும் அதில் அடங்கும். அதற்கு முன்பே, 2024 பிப்ரவரி முதல், எப்பு வேல் பள்ளத்தாக்கிலிருந்து நியூபோர்ட்டுக்கு மணிக்கொரு ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் 2019-இல் சாலை மறுக்கப்பட்டபோது, வேறு வழி சீக்கிரம் வரும் என்று நம்பியவர்கள், ரயிலுக்குப் பணம் ஒதுக்கப்படவே ஆறு வருஷங்கள் காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையில் 2025 மேயில் முதல் செவர்ன் பாலத்தின் கம்பிகள் தேய்ந்ததால் கனரக லாரிகளுக்கு அங்கே தடை விதிக்கப்பட்டது. அந்தப் பாரமும் இரண்டாம் பாலத்தின் மீதே விழுந்தது.

நம் அபிப்பிராயத்தில், சாலையை மறுத்தது தவறென்று சொல்வதற்கில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் காத்த நிலத்தைச் சில வருஷத்து நெரிசலுக்காகப் பலிகொடுப்பது எளிதில் திருத்தக்கூடிய பிழையல்ல. சாலையைப் பிறகும் போடலாம். போன சதுப்பு நிலம் திரும்பாது. ஆனால் ஒரு வழியை அடைக்கிற சர்க்கார், மற்றொரு வழியைத் திறக்கக் கடமைப்பட்டது. திறக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லையென்றால், அந்த அதிகாரம் உள்ளவருடன் முதலிலேயே உடன்படிக்கை செய்துகொண்டிருக்க வேண்டும். ரயில் பாதைப் பொறுப்பும் பணமும் ஒரே கைக்கு வராதவரை, எந்தக் கட்சி பதவியில் இருந்தாலும் இந்தப் பழி சுமத்தும் படலம் ஓயப்போவதில்லை.

இனி கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வாக்களித்த ஸ்டேஷன்களுக்கு எப்போது மண்வெட்டி விழுகிறது என்பது. மற்றொன்று, அவை திறந்தபின் அங்கே நிற்க எத்தனை ரயில்கள் விடப்படுகின்றன என்பது. ஸ்டேஷனைக் கட்டி ரயிலை விடாமற்போனால் பயன் சூனியம். 1906-இல் அக்கரை வேலைக்குப் போகும் தொழிலாளிக்காக அந்தரத்தில் ஒரு பரிசலையே தொங்கவிட்டார்கள் அந்நகரத்தார். அவன் பேரப்பிள்ளைகள் இன்று கேட்பது அதைவிடச் சிறிய காரியம்: வேலைக்குப் போக ஒரு ரயில், வீடு திரும்ப ஒரு ரயில்.